கொல்லைப்புற எலிகளைக் கணக்கெடுப்போம்

எந்தத் திட்டத்திற்கும் புள்ளிவிவரமே அடித்தளம். மக்கள்தொகை, சாகுபடிப் பரப்பு, மழையளவு, பள்ளி மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கெடுத்த பின்னரே நாம் செலவைத் தீர்மானிக்கிறோம். ஆனால் எலி ஒழிப்பில் மட்டும் இந்த முறை தலைகீழாக உள்ளது. கொல்லையில் எலி ஒன்று கண்ணில் பட்டவுடன் கடைக்குச் சென்று நஞ்சு வாங்கி வருகிறோம். கைக்கு எட்டிய இடத்தில் வைக்கிறோம். சில நாட்கள் எலியைக் காணாவிட்டால் ஒழிந்துவிட்டதாகக் கருதுகிறோம். தொடக்கத்தில் எத்தனை எலிகள் இருந்தன, எத்தனை மடிந்தன, எத்தனை எஞ்சின என்பது நமக்குத் தெரிவதில்லை. செலவு நிச்சயமாகத் தெரிகிறது, பயன் தெரிவதில்லை.

இந்தக் குறையைப் போக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஓடு, சுண்ணப்பொடி, களிமண், தராசு, எலிப்பொறி, ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். இவற்றைக் கொண்டு ஒரு வீட்டிலோ, தெருவிலோ, அலுவலக வளாகத்திலோ எலி நடமாட்டத்தை அளவிடும் முறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹைதராபாத்தும் எலி ஆய்வும்

இப்பொருளை ஆராய்வதற்கு ஹைதராபாத் பொருத்தமான களமாகும். நகரின் தென்மேற்கே உள்ள ராஜேந்திரநகரில், மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ், தேசியப் பயிர்நல மேலாண்மை நிறுவனம் இயங்குகிறது. 1966ஆம் ஆண்டில் பயிர்ப் பாதுகாப்புப் பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம், 2008ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்று இப்பெயரை ஏற்றது. பல மாநிலங்களின் வேளாண் அலுவலர்களுக்கு எலி மேலாண்மையில் பயிற்சி அளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. அத்தகைய பயிற்சியில் நஞ்சைக் கையாளுவதற்கு முன்பே கற்க வேண்டியது, எலி இருக்கும் இடத்தையும் அதன் இனத்தையும் எண்ணிக்கையையும் அறியும் வழியாகும்.

மொழியிலும் ஒரு தொடர்பு உண்டு. பெருச்சாளியைத் தெலுங்கில் 'பந்திகொக்கு' என்பர். பன்றியைப் போன்ற எலி என்பது பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'பாண்டிகூட்' என்ற சொல் இதிலிருந்தே பிறந்தது. விலங்கியலார் இவ்வினத்திற்குச் சூட்டிய 'பாண்டிகோட்டா' என்ற பெயரும் அதன் வழிவந்ததே. தக்காணத்து உழவர் தம் வயலிலும் கொல்லையிலும் கண்டு பெயரிட்ட விலங்கு, உலக அறிவியல் ஏடுகளில் அப்பெயராலேயே இடம் பெற்றுள்ளது.

ஏன் கணக்கு வேண்டும்?

எலியின் சேதம் நாம் காணும் அளவைவிடப் பெரிது. வளர்ந்த எலி ஒன்று நாள்தோறும் தன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உணவு கொள்கிறது. உண்பதைவிட மிகுதியாகச் சிறுநீராலும் புழுக்கையாலும் உரோமத்தாலும் கெடுக்கிறது. ஓயாது வளரும் முன்பற்களைத் தேய்ப்பதற்காக மின்கம்பி, குழாய், மரச்சட்டம் ஆகியவற்றைக் கொறிக்கிறது. பெருச்சாளிகள் அடித்தளத்தையும் சாக்கடைக் கரையையும் குடைந்து மண்ணைத் தளரச் செய்கின்றன. எலியின் சிறுநீர் கலந்த நீரினால் லெப்டோஸ்பைரா காய்ச்சல் பரவுகிறது. மழைக்காலத்தில் வெறுங்காலுடன் தேங்கிய நீரில் நடப்போர் இதற்கு எளிதில் ஆளாகின்றனர்.

எலியின் இனப்பெருக்கம் மற்றொரு காரணம். சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரங்களே. ஓர் ஈற்றில் ஐந்து முதல் பத்துக் குட்டிகள் வரை பிறக்கலாம். அவை இரண்டு மூன்று மாதங்களில் தாமே இனம் பெருக்கும் பருவத்தை எட்டுகின்றன. எனவே பத்து எலிகளில் ஏழு மடிந்தால் வேலை முடிந்தது என்று கொள்ள இயலாது. எஞ்சிய மூன்றுக்கும் உணவும் இடமும் தாராளமாகக் கிடைப்பதால், சில மாதங்களுக்குள் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். இந்த எஞ்சிய தொகையை அறிய உதவுவது, ஒழிப்புக்குப் பின் எடுக்கும் கணக்கு மட்டுமே.

மூன்றாவது காரணம் மனித உயிர் தொடர்பானது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலை அழிக்கும் தன்மையுடையது. அதற்கு மாற்று மருந்து இல்லை. தென்னிந்திய மருத்துவமனைகளுக்குத் திடீர்க் கல்லீரல் செயலிழப்புடன் வருவோரிடையே இது ஒரு முக்கியக் காரணமாக உள்ளது. ரொட்டித் துண்டிலோ தக்காளியிலோ தடவி மூலையில் வைக்கப்படும் இப்பசையைச் சிறு குழந்தை தின்பண்டமெனக் கருதி எடுத்துவிடக்கூடும். எலியே இல்லாத இடத்தில் நஞ்சு வைப்பது வீண் செலவு மட்டுமன்று. பயனின்றி ஆபத்தை வீட்டுக்குள் கொணர்வதுமாகும்.

வரலாறு தரும் பாடம்

நோயைக் கட்டுப்படுத்துமுன் அதைச் சுமக்கும் உயிரினத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்ற கருத்துக்கு இந்நகருடன் நெருங்கிய உறவு உண்டு. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், செகந்தராபாத்தில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கடுத்த ஆண்டில், கராச்சியில் பணிபுரிந்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், பிளேக் நோயை எலியிடமிருந்து மனிதருக்குக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சியே என்று காட்டினார்.

பம்பாயில் 1896இல் தோன்றிய பிளேக் பல ஆண்டுகள் நாட்டை வாட்டியது. வீட்டில் எலிகள் தாமாகச் செத்து விழத் தொடங்கினால் குடியிருப்போர் ஊருக்கு வெளியே சென்று தங்குவது அந்நாளில் பல பகுதிகளில் வழக்கமாயிற்று. எழுத்தறியா மக்களும் கைக்கொண்ட ஒரு கண்காணிப்பு முறை இது. பின்னர் அமைந்த பிளேக் ஆய்வுக் குழு, பம்பாயில் நோய் கண்ட வீடுகளுக்குள் கினிப் பன்றிகளை உலவவிட்டு, அவற்றின் மேல் ஏறிய தெள்ளுப்பூச்சிகளை எண்ணியது. எளிய வழிதான், ஆனால் எந்த வீட்டில் ஆபத்து, எதில் இல்லை என்பதை அது எண்ணால் கூறியது.

ஹைதராபாத்தும் 1908ஆம் ஆண்டு மூசி வெள்ளத்தையடுத்து, 1911இல் பிளேக் நோயின் கொடுமையைக் கண்டது. 1912இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளைச் சீர்திருத்துவது அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. வெகுகாலத்திற்குப் பின், 1994இல் சூரத் நகரில் பிளேக் பற்றிய அச்சம் பரவி, பெருந்திரளான மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதை இன்றைய மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் இனம் அறிதல்

கொல்லையில் இரவில் ஓடுவன யாவும் எலிகளல்ல. தமிழகத்திலும் தெலங்கானாவிலும் நான்கு சிறு விலங்குகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

வீட்டெலி மெலிந்த உடலும், உடலைவிட நீண்ட வாலும் கொண்டது. கூரை, பரண், தென்னை மரம், கொடிகள் ஆகியவற்றில் ஏறும். சுண்டெலி மிகச் சிறியது. ஆறு மில்லிமீட்டர் இடுக்கிலும் நுழையவல்லது. பெருச்சாளி இனங்கள் பருத்த உடலும் உடலைவிடக் குறுகிய வாலும் உடையவை. ஏறுவதைவிடத் தோண்டுவதில் வல்லவை. வளையின் வாயிலில் புதுமண் குவிந்திருப்பது பெருச்சாளியின் அடையாளம். நான்காவது மூஞ்சுறு. நீண்டு கூரிய மூக்கும், சிறு கண்களும், கடும் நாற்றமும் கொண்ட இது எலி இனத்தைச் சேர்ந்ததன்று. கரப்பான் பூச்சி முதலியவற்றை உண்டு நமக்கு உதவுகிறது. எலியென எண்ணி மூஞ்சுறுவுக்குப் பொறி வைப்பவர், நண்பனைக் கொன்று பகைவனை விட்டுவைக்கிறார்.

புழுக்கையும் இனத்தைக் காட்டும். சுண்டெலியின் புழுக்கை அரிசிமணியைவிடச் சிறியது. வீட்டெலியினுடையது ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் கூரிய முனைகளும் சற்று வளைவும் கொண்டது. பெருச்சாளியினுடையது இவற்றைவிடப் பருத்தது. புதிய புழுக்கை கறுத்து, ஈரமாக, மென்மையாக இருக்கும்; பழையது வெளிறி, உலர்ந்து, குச்சியால் தொட்டதும் பொடியும். பழைய புழுக்கை மட்டுமே உள்ள இடத்தில் எலி முன்பு இருந்திருக்கலாம்; இப்போது இருப்பதாகக் கொள்ள ஆதாரமில்லை.

ஐந்து எளிய முறைகள்

1. வரைபடமும் பகல் சுற்றும்

ஒரு தாளில் வீடு, மதில், கிணறு, குழாயடி, சாக்கடை, குப்பைத் தொட்டி, மரங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பகலில் மதிலோரமாகச் சுற்றி வந்து, வளை, புழுக்கை, கொறித்த தடம், சுவரில் உடல் உராய்ந்து படிந்த எண்ணெய்க் கறை, புல்லில் தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை அப்படத்தில் புள்ளியிட வேண்டும். எலி திறந்த வெளியைத் தவிர்த்துச் சுவரை ஒட்டியே செல்லும் இயல்புடையது. எனவே அரைமணி நேரச் சுற்றிலேயே அதன் நெடுஞ்சாலைகள் புலப்பட்டுவிடும். பின்வரும் கருவிகளை வைக்க வேண்டிய இடங்களை இந்தப் படமே தீர்மானிக்கிறது.

2. தடப் பலகை

வழவழப்பான தரை ஓடு அல்லது தகடு ஒன்றை எடுத்து, அதன் மேல் சுண்ணப்பொடியையோ முகப்பவுடரையோ மெல்லிய படலமாகத் தூவி, மாலையில் எலிப்பாதையில் வைக்க வேண்டும். காலையில் அதில் பதிந்த தடங்களைப் படிக்கலாம். எலியின் முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் ஐந்து விரல்களும் பதியும். மூஞ்சுறுவுக்கு நான்கு கால்களிலும் ஐந்து விரல்கள். பூனையின் தடம் வட்டமானது, நகம் பதியாது. சில வேளைகளில் தடங்களுக்கிடையே வால் இழுபட்ட கோடும் காணப்படும்.

பத்துப் பலகைகள் வைத்து அவற்றில் ஆறில் எலித்தடம் பதிந்தால், நடமாட்டக் குறியீடு 60 சதவீதம். மழையிலும் பனியிலும் பொடி கலைந்துவிடுமாதலால், கூரைச் சரிவின் கீழோ கவிழ்த்த தகரத்தின் கீழோ வைப்பது நலம். நஞ்சு கலவாத முறையாதலால் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள இடத்திற்கு இதுவே மிகவும் ஏற்றது. பள்ளி மாணவர்கள் இதனை ஓர் அறிவியல் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம்.

3. வளையடைப்புக் கணக்கு

தோண்டும் எலிகளுக்கு இம்முறை சிறந்தது. மாலையில் கொல்லையிலுள்ள வளைகள் அனைத்தையும் எண்ணி, ஈர மண்ணால் வாயை மெல்ல மூட வேண்டும். மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை எண்ண வேண்டும். அவையே எலி வாழும் வளைகள். மூடியபடியே இருப்பவை பெரும்பாலும் கைவிடப்பட்டவை. வயல்களில் வேளாண் அலுவலர் கையாளும் முறையும் இதுவேயாகும். ஒரு வளைக்குப் பல வாயில்கள் இருக்கக்கூடுமாதலால், இந்த எண் எலிகளின் சரியான எண்ணிக்கையன்று. ஆயினும் முன்னும் பின்னும் ஒப்பிட நம்பத்தக்க அளவுகோல்.

கைவிடப்பட்ட பெருச்சாளி வளைகளில் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் தங்குவதுண்டு. வளைக்குள் எக்காரணம் கொண்டும் கையை விடலாகாது. நீண்ட மண்வெட்டியால் மட்டுமே மூட வேண்டும்.

4. நஞ்சிலா உணவுக் கணக்கு

சிறு தட்டுகளில் தலைக்கு 50 கிராம் நொய்யரிசியை எடை போட்டு, அந்திக்குப் பின் வைத்து, விடியலில் எடுத்து மீண்டும் எடை போட வேண்டும். அந்திக்கு முன் வைத்தால் அணிலும் பறவைகளும் உண்டுவிடும். தட்டைச் சுற்றிச் சிறிது பொடி தூவினால் உண்டது எலிதானா என்பது உறுதிப்படும். இரவின் ஈரத்தால் தானியத்தின் எடை கூடுமாதலால், எலி தொட முடியாதபடி கம்பி வலையால் மூடிய ஒரு தட்டையும் அருகில் வைத்து, அதன் எடை மாற்றத்தைக் கழித்துக்கொள்வது முறை.

எடுத்துக்காட்டாக, ஓர் இரவில் ஐந்து தட்டுகளில் மொத்தம் 120 கிராம் குறைந்தது என்று கொள்வோம். 150 கிராம் எடையுள்ள எலி நாளொன்றுக்கு 15 கிராம் உண்ணும் என்று கணக்கிட்டால், குறைந்தது எட்டு எலிகள் வந்துள்ளன. வேறிடத்திலும் அவை உண்டிருக்கக்கூடுமாதலால் 'குறைந்தது' என்ற சொல் முக்கியமானது.

எலி புதிய பொருளைக் கண்டு ஐயுறும் இயல்புடையது. முதலிரவில் தட்டைத் தொடாமலிருக்கலாம். எனவே முதல் நாள் முடிவைக் கொண்டு எதையும் தீர்மானிக்கலாகாது. மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து வைத்து, உணவு குறையும் அளவு நிலைபெற்ற பின்னரே கணக்கிட வேண்டும்.

5. பொறிக் குறியீடு

ஒரு பொறியை ஓர் இரவு வைப்பது ஒரு 'பொறி-இரவு' எனப்படும். பத்துப் பொறிகளை மூன்று இரவுகள் வைத்தால் 30 பொறி-இரவுகள். அவற்றில் ஆறு எலிகள் அகப்பட்டால், நூறு பொறி-இரவுகளுக்கு 20 என்பது குறியீடு. பொறிகளின் எண்ணிக்கை வேறுபட்டாலும் இக்குறியீட்டைக் கொண்டு ஒரு தெருவை மற்றொரு தெருவுடனும், ஒரு மாதத்தை மற்றொரு மாதத்துடனும் ஒப்பிட இயலும். எலியின் இனத்தையும் சினையையும் நேரில் காண உதவுவதும் இம்முறையே.

தஞ்சை வயல்களில் வழங்கும் மூங்கில் வில்பொறியான 'கிட்டி', நம் உழவரின் கைத்திறனுக்குச் சான்று. தமிழகத்தில் இருளர்களும், ஆந்திரத்தில் யானாதிகளும் வளையின் வாயிலைக் கண்ட அளவிலேயே உள்ளே எலி உண்டா இல்லையா என்று கூறும் திறம் படைத்தவர்கள். அவர்தம் அறிவை நகராட்சிகளும் பயன்படுத்திக்கொள்வது விரும்பத்தக்கது. எலியைப் பலமணி நேரம் வதைத்துக் கொல்வதும், பறவைகளையும் ஓணான்களையும் சிக்கவைப்பதுமான பசைப் பலகைகளைத் தவிர்க்க வேண்டும். இந்திய விலங்கு நல வாரியமும் அவற்றுக்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

கணக்கைப் படிக்கும் விதம்

இருபது வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்து கொள்வோம். சுற்றிப் பார்த்ததில் 34 வளைகள் தென்படுகின்றன. மாலையில் அனைத்தும் மூடப்படுகின்றன. காலையில் 14 மட்டுமே திறந்துள்ளன. கணக்கெடுக்காமல் நஞ்சு வைத்திருந்தால் 34 வளைகளுக்கும் செலவு செய்திருப்போம். அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு வெற்று வளைகளுக்குச் சென்றிருக்கும். சேமிப்பு என்பது இங்கே பணம் மட்டுமல்ல. இருபது இடங்களில் நஞ்சு வைக்கப்படாமல் தவிர்க்கப்பட்டதும் சேமிப்பே.

நடவடிக்கை எடுத்து இரண்டு வாரங்களுக்குப் பின் மீண்டும் மூடிப் பார்க்கையில் 4 வளைகள் திறந்துள்ளன என்போம். 14இலிருந்து 4ஐக் கழித்து, 14ஆல் வகுத்தால், வெற்றி 71 சதவீதம். திட்ட மதிப்பீட்டில் இதனை விளைவுக் கணக்கு என்கிறோம். எத்தனை கிலோ நஞ்சு வழங்கப்பட்டது என்ற அறிக்கை செலவைத்தான் கூறும். எத்தனை வளைகள் மூடியபடியே இருந்தன என்ற அறிக்கையே பயனைக் கூறும். எலி ஒழிப்பு இயக்கங்களை மேற்பார்வையிடும் அலுவலர்கள் இரண்டாவது எண்ணையும் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

மூன்று மாதங்கள் கழித்து அதே குடியிருப்பில் 9 வளைகள் திறந்திருந்தால், எஞ்சியவை பெருகின அல்லது வெளியிலிருந்து புதியவை குடியேறின என்பது பொருள். திறந்த வளைகள் எப்பக்கம் மிகுந்துள்ளன என்பதை வரைபடத்தில் பார்த்தால், காரணம் சாக்கடையா, குப்பை மேடா, பக்கத்துக் காலிமனையா என்பது தெளிவாகும்.

மதில் எல்லையும் பொது நலமும்

எலி மதிலை எல்லையாக ஏற்பதில்லை. ஒருவர் தம் கொல்லையைச் சுத்தம் செய்தாலும், அடுத்த வீட்டில் உணவு எஞ்சினால் எலி அங்கே தங்கி இங்கே உலவும். ஒருவரது கவனக்குறைவின் செலவைப் பிறர் சுமக்கும் இந்நிலையைப் பொருளியலில் புறவிளைவு என்பர். இத்தகைய இடங்களில் தனியார் முயற்சி மட்டும் போதாது. குடியிருப்போர் நலச் சங்கம், தெருவாரியாக ஒரே மாலையில் வளைகளை மூடி, ஒரே காலையில் எண்ணும் வழக்கத்தை மேற்கொள்ளலாம். ஹைதராபாத் போன்ற நகரங்களில் 'நாலா' எனப்படும் ஓடைகளின் கரைகளும், புறாக்களுக்குத் தானியம் இறைக்கும் இடங்களும் இக்கணக்கில் தவறாது இடம்பெற வேண்டும். பகலில் புறா விட்டுவைத்த தானியம் இரவில் எலிக்கு விருந்தாகிறது.

எலிகளைப் பற்றிய முன்னறிவிப்பைப் புறக்கணிப்பதன் விலை எவ்வளவு பெரிதாகக் கூடும் என்பதற்கு, கொல்லைப்புறத்தினின்று மிகத் தொலைவிலுள்ள மிசோரம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவகை மூங்கில் ஒருசேரப் பூத்துக் காய்க்கிறது. விதைகளை உண்டு எலிகள் பெருகுகின்றன. பின்னர் வயல்களில் இறங்கி விளைச்சலை அழிக்கின்றன. 1959ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்கு முன்பே மூத்தோர் அதனை எதிர்நோக்கினர். மாவட்ட மன்றமும் முன்கூட்டி உதவி கோரியது. உரிய நேரத்தில் போதிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. பஞ்ச நிவாரணத்துக்காகத் தோன்றிய அமைப்பு 1961இல் அரசியல் இயக்கமாக மாறியது. 1966இல் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த சுற்று 2007ஐ ஒட்டி வந்தபோது, மையத்திலும் மாநிலத்திலும் முன்னரே திட்டமிட வாய்ப்பிருந்தது. விளைச்சல் சேதத்தை முற்றிலும் தடுக்க இயலவில்லை எனினும், வருவதை அறிந்திருந்தது பெரும் உதவியாயிற்று.

கணக்கெடுத்த பின்

எண்ணிக்கை கைக்கு வந்தபின் நடவடிக்கையில் ஒரு வரிசைமுறை உண்டு. முதலாவது உணவையும் நீரையும் மறுத்தல்: குப்பைத் தொட்டிக்கு மூடி, வளர்ப்பு நாயின் எச்சில் உணவை இரவில் அகற்றுதல், ஒழுகும் குழாயைச் சீர்செய்தல். இரண்டாவது நுழைவைத் தடுத்தல்: கதவின் அடியில் தகடு, நீர்த்தாரைக்குக் கம்பி வலை, சுவர்த் துளைகளுக்குச் சிமெண்ட் பூச்சு. மூன்றாவது புகலிடத்தை நீக்குதல்: விறகு, ஓடு, பழைய சாமான் ஆகியவற்றைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குதல். நான்காவது பொறி. நஞ்சு இவற்றுக்கெல்லாம் பின்னரே வர வேண்டும்.

அப்போதும், 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற பொருளை மட்டுமே, பெயர்ச்சீட்டில் குறிப்பிட்டபடி, பூட்டத்தக்க பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்த வேண்டும். விரைவில் கொல்லும் துத்தநாகப் பாஸ்பைடைச் சிறிது உண்டு தப்பிய எலி, மறுமுறை அவ்வுணவைத் தீண்டாது. மெதுவாகச் செயல்படும் புரோமாடியோலோனில் இக்குறை இல்லை. வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்தும் அதற்கு உண்டு. எனினும் நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகையும் பிற உயிர்களும் பாதிக்கப்படக்கூடும். எலியை இயற்கையாகவே கட்டுப்படுத்தும் கூகை, சாரைப்பாம்பு, கீரி ஆகியவற்றை இழப்பது நமக்கே நட்டம். அலுமினியப் பாஸ்பைடு வீட்டு உபயோகத்திற்குரியதன்று.

புழுக்கையைச் சுத்தம் செய்கையில் உலர்ந்த நிலையில் பெருக்கலாகாது. கிருமிநாசினிக் கரைசலால் நனைத்து, கையுறை அணிந்து துடைக்க வேண்டும். இறந்த எலியை வெறுங்கையால் தொடாது ஆழப் புதைக்க வேண்டும். காரணம் தெரியாமல் ஒரே இடத்தில் பல எலிகள் செத்துக் கிடந்தால் உடனே சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும்.

காலமும் பதிவும்

ஆண்டுக்கு நான்கு கணக்கெடுப்புகள் ஒரு வீட்டுக்குப் போதுமானவை. அவற்றுள் முதன்மையானது மே இறுதியில் எடுப்பது. பருவமழை தொடங்கி வளைகளில் நீர் புகுந்தால் எலிகள் வீட்டை நாடும். உணவு அரிதாகவும் எலிகள் குறைவாகவும் இருக்கும் கோடை இறுதியில் செய்யும் ஒரு நாள் வேலை, மழைக்குப் பின் செய்யும் ஒரு மாத வேலைக்கு நிகர். வயல்களிலும் சாகுபடிக்கு முன் ஊரே கூடி எலி ஒழிப்பில் ஈடுபட வேண்டும் என்று வல்லுநர் கூறுவது இக்காரணம் பற்றியே.

குறிப்பேட்டில் ஆறு செய்திகளே தேவை: நாள், இடம், கையாண்ட முறை, வைத்த கருவிகளின் எண்ணிக்கை, கண்ட எண், எடுத்த நடவடிக்கை. ஒவ்வொரு முறையும் அதே இடங்களில், அதே எண்ணிக்கையில் கருவிகளை வைத்தால்தான் ஒப்பீடு பொருளுடையதாகும். பழைய கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை இரவில் இயக்கி வைப்போரும் இன்று உள்ளனர். அது இனத்தை அறிய உதவும்; எண்ணிக்கைக்கு மேற்கூறிய முறைகளே ஏற்றவை.

ஒரு வட்டாரத்தின் பள்ளிகள், நலச் சங்கங்கள், அலுவலக வளாகங்கள் ஆகியவை இத்தகைய பதிவுகளை ஒரே படிவத்தில் பராமரித்து நகராட்சிக்கு அளிக்குமாயின், எந்த வார்டில் முதலில் சாக்கடையைச் சீர்செய்வது, எங்கே குப்பையை இருமுறை அகற்றுவது என்பதைப் புகார்களின் உரத்த குரலைக் கொண்டன்றி, எண்களைக் கொண்டே முடிவு செய்ய இயலும். இதற்கான முதற்செலவு ஓர் ஓடும் ஒரு கைப்பிடிச் சுண்ணப்பொடியும்தான். வரும் மே மாதத்தில் ஒவ்வொரு குடியிருப்பும் ஒரு மாலை வளைகளை மூடி, மறுநாள் காலை எண்ணிப் பார்க்குமேயானால், அந்த எண்ணிலிருந்து திட்டமிடுதல் தொடங்கும்.